பழம்பாட்டுக்குப் பொருள் காண்பது எப்படி? சீர் பிரிப்பது முதல் பொழிப்பு எழுதுவது வரை முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் ஞாயிறு மாலைகளில் பழம்பாடல் படிக்கிறோம். ஒரு வாரம் சங்கப்பாட்டு, ஒரு வாரம் குறள், ஒரு வாரம் தேவாரமோ திருப்பாவையோ. புதிதாக வருகிறவர்களில் தமிழாசிரியர்கள் உண்டு, மேடையில் பாடுகிறவர்கள் உண்டு, பள்ளிக்குப் பிறகு தமிழ்ப் புத்தகத்தையே தொடாதவர்களும் உண்டு. எல்லோரும் இடறுவது ஒரே இடத்தில்தான். பாட்டை ஒருமுறை படித்ததும், “இதில் புலவர் என்ன சொல்ல வருகிறார் என்றால்” என்று தொடங்கிவிடுகிறார்கள்.

கருத்து கடைசியில் வரவேண்டியது. அதை முதலிலேயே பிடித்துக்கொண்டால், அதற்கு ஒத்துவராத சொல் எதுவும் கண்ணில் படாது. கீழே உள்ள வரிசை பல ஆண்டுகள் தவறு செய்து, திருத்தி, மற்றவர்கள் செய்யும் தவறுகளையும் பார்த்து அமைந்தது. வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படியின் மேல்தான் நிற்கிறது.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஐந்தே அடி, எல்லோருக்கும் தெரிந்தது, தெரிந்ததாலேயே தவறாகப் படிக்கப்படுவது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பாட்டின் மூலம் இரண்டு வடிவில் வேண்டும்: சீர்களாக அச்சிட்டது ஒன்று, சொற்களாகப் பிரித்தது ஒன்று. இரண்டாவதைக் கவிழ்த்து வையுங்கள். விடையைச் சரிபார்க்க மட்டும் அது உதவும்.

நல்ல அகராதி ஒன்று வேண்டும். இன்றைய தமிழ் அகராதி போதாது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இன்றும் முதல் துணை; இணையத்திலேயே தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் மூலங்களும் பழைய உரைகள் பலவும் கிடைக்கின்றன.

குறைந்தது இரண்டு உரைநூல்களை எடுத்து வையுங்கள், ஆனால் மூடியபடி. ஒன்பதாம் படி வரை அவற்றைத் திறக்க வேண்டாம்.

பிறகு ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம். இந்த வேலையில் நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

1. மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள்

பொருள் தேடாமல் படியுங்கள். இந்தப் பாடல்கள் காதுக்காகக் கட்டப்பட்டவை. எங்கே மூச்சு நிற்கிறது, எந்த எழுத்து மீண்டும் மீண்டும் வருகிறது என்பதை வாய்தான் முதலில் கண்டுகொள்ளும்.

அளபெடை இந்தப் படியிலேயே பிடிபட்டுவிடும். ‘படூஉம்’ என்று அச்சில் பார்த்ததும் புதுச்சொல் என்று மிரள்கிறார்கள். நீட்டிச் சொல்லிப் பாருங்கள்; ‘படும்’ என்ற சொல்தான் ஓசைக்காக நீண்டிருக்கிறது. குறளின் ‘தொழாஅள்’ என்பதும் ‘தொழாள்’ என்பதே.

2. சீரை உடைத்துச் சொல்லைக் கட்டுங்கள்

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. அவசரப்பட்டவர்கள் எல்லோரும் இங்கேதான் விழுகிறார்கள். அச்சில் இடைவெளி விட்டிருப்பது சொல் முடியும் இடத்தில் அல்ல, சீர் முடியும் இடத்தில். சீர் ஓசையின் அளவு. சொல் பொருளின் அளவு. இரண்டும் ஒன்றாக முடியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

முதல் அடியில் ‘கியரோ’ என்றொரு சொல் இல்லை. ‘யாராகியரோ’ என்பது யார் + ஆகியர் + ஓ. கடைசி அடியில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. ‘தாங்கலந்தனவே’ என்பதைத் ‘தாங்க’ என்று தொடங்கிப் படித்து, நெஞ்சம் எதையோ தாங்குவதாகப் பொருள் சொன்னவர்களை ஒருவர் இருவர் அல்ல, பலரைப் பார்த்திருக்கிறேன். அது தாம் + கலந்தன + ஏ.

உடைப்பதற்கு எல்லா விதிகளும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான முடிச்சுகள் அவிழும்.

முதலாவது, வல்லின எழுத்துக்கு முன் வரும் மகர மெய் அந்த வல்லினத்தின் இனமாக மாறும். ‘தாம் கலந்தன’ தாங்கலந்தன ஆனதும் ‘நெஞ்சம் தாம்’ நெஞ்சந்தாம் ஆனதும் இப்படித்தான். ஆகவே ங், ஞ், ந் ஆகியவற்றை அடுத்து வல்லினம் கண்டால், அங்கே ஒரு ‘ம்’ ஒளிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, உயிரில் முடியும் சொல்லின் முன் உயிர் வந்தால் நடுவில் ய், வ் தோன்றும். அல்லது முன்சொல்லின் கடைசி மெய்யோடு உயிர் ஒட்டிக்கொள்ளும். ‘எவ்வழி யறிதும்’ என்பது எவ்வழி + அறிதும்.

மூன்றாவது, லகரமும் ளகரமும் அடுத்த எழுத்தைப் பார்த்து நிறம் மாறும். ‘பெயனீர்’ என்பது பெயல் + நீர். பெயல் என்றால் மழை. இந்த ஒரு சொல் உடைந்தால்தான் பாட்டின் உயிரான உவமையே நமக்குக் கிடைக்கும்: செம்மண் நிலத்தில் பெய்த மழையின் நீர்.

நோட்டில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஒரு சொல்லை இரண்டு வகையாக உடைக்க முடிந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள். எது சரி என்பதை அடுத்த படி சொல்லும். இப்போதே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இசையோடு கேட்டுப் பழகிய பாட்டாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தாளம் விழும் இடத்தில் சொல்லும் முடிகிறது என்று காது நம்பிவிடும். அருணகிரிநாதரின் ‘முத்தைத்தரு பத்தித் திருநகை அத்திக்கிறை’ என்ற அடியைச் சிறுவயது முதல் பாடிவருகிறவர்களிடம் ‘அத்திக்கிறை’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பலர் திகைப்பார்கள். அத்திக்கு + இறை. அத்தி தெய்வயானை, அவளுடைய தலைவன் முருகன். சந்தம் இவ்வளவு வேகமாக ஓடும்போது சொல்லின் எல்லை அழிந்துவிடுகிறது. ஆகவே பாட்டை இசை இல்லாமல், பேசும் வேகத்துக்கும் குறைவான வேகத்தில், எழுத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பாடுகிறவர்களுக்கு இதனால் ஒரு நன்மையும் உண்டு: எங்கே மூச்சு எடுத்தால் சொல் அறுபடாது என்பது தெரிந்துவிடும்.

3. வினையைக் கண்டுபிடித்து, வாக்கியத்தை நேராக்குங்கள்

சொற்கள் கிடைத்ததும் அகராதிக்கு ஓடாதீர்கள். முதலில் வாக்கியம் எது என்று பாருங்கள். வினைமுற்று எங்கே? அதைச் செய்தது யார், அல்லது எது? இந்த இரண்டையும் பென்சிலால் வட்டமிடுங்கள்.

ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச்
சான்றோன் எனக்கேட்ட தாய்

இந்த 69ஆம் குறளில் எழுவாய் கடைசிச் சொல்: தாய். வினை முதலடியின் நடுவே இருக்கிறது: உவக்கும். உரைநடையாக்கினால், “தன் மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாய், ஈன்ற பொழுதின் பெரிது உவக்கும்.” இப்படி ஒரு சொல்லையும் கூட்டாமல், ஒரு சொல்லையும் விடாமல் அடுக்குவதே இந்தப் படியின் வேலை. உங்கள் சொந்தச் சொல் ஒன்றைச் சேர்த்தால்தான் வாக்கியம் நிற்கிறது என்றால், அதை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். எது பாட்டின் சொல், எது உங்கள் சொல் என்று பின்னால் குழப்பம் வராது.

செய்யுளின் சொற்களைப் பொருளுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர்; நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இரண்டு தெரிந்திருக்கட்டும். ‘அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது’ என்பது நிரல்நிறை: அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று வரிசையாகப் பொருத்த வேண்டும். ‘உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு’ என்பது தாப்பிசை: நடுவில் நிற்கும் ‘ஊன்’ முன்னும் பின்னும் போகும். முன்னால் அதைக் கூட்டாமல் படித்தால், எதுவுமே உண்ணாமல் இருப்பதை வள்ளுவர் போற்றுவதாக ஆகிவிடும்.

இப்போது குறுந்தொகைக்கு வாருங்கள். ‘நெஞ்சம் தாம் கலந்தன.’ நெஞ்சம் ஒருமை போல இருக்கிறது. ஆனால் ‘தாம்’ பன்மை, ‘கலந்தன’ பன்மை. ஆகவே இங்கே நெஞ்சங்கள் இரண்டு. பலர் இதை ‘என் நெஞ்சம் உன்னோடு கலந்தது’ என்று சொல்லிவிடுகிறார்கள். பாட்டு அப்படிச் சொல்லவில்லை. இரண்டு நெஞ்சங்களும் தாமாகவே ஒன்றோடொன்று கலந்தன என்கிறது. யாரும் கலக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. எவ்வளவு பெரிய வேறுபாடு! வினைமுற்றின் விகுதியைப் பார்க்காதவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

4. தெரிந்த சொல்லை அகராதியில் தேடுங்கள்

தெரியாத சொல் ஆபத்தில்லாதது. தெரியாது என்று தெரிவதால் தேடிவிடுவீர்கள். தெரிந்த சொல்தான் ஏமாற்றும். சொல் அதே உருவில் இருக்கும், பொருள் நகர்ந்திருக்கும்.

‘எம்முறைக் கேளிர்.’ கேளிர் என்றால் உறவினர். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதிலும் அதுவே. இதை ‘எல்லோரும் கேளுங்கள்’ என்று பொருள்கொண்ட ஒருவர், மேடையில் கையை உயர்த்தி அழைப்பது போலவே அதைச் சொல்வார். சொல்லின் பொருளைக் காட்டியதும் அவருக்கு அந்த அடியே புதிதாகிவிட்டது.

திருப்பாவையின் பத்தாம் பாட்டில் ‘மாற்றமும் தாராரோ வாசல் திறவாதார்’ என்றும், அடுத்த அடியில் ‘நாற்றத் துழாய்முடி நாராயணன்’ என்றும் வருகிறது. மாற்றம் என்றால் மறுமொழி. வாசலைத் திறக்காவிட்டாலும் ஒரு பதிலாவது தரக்கூடாதா என்கிறார்கள் தோழியர். நாற்றம் என்றால் நறுமணம். இன்றைய பொருளில் படித்தால் இரண்டு அடியும் கெடும்.

திருநாவுக்கரசரின் ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ என்பதில் மதியம் நிலா. நண்பகல் அல்ல. குறளின் ‘கழகத்துக் காலை புகின்’ என்பதில் கழகம் சூதாடும் களம், காலை என்பது காலம். முன்னே சொன்ன திருப்புகழில் ‘பத்தி’ என்பது வரிசை. முத்துப் போன்ற பல்வரிசை தெரியச் சிரிக்கும் தெய்வயானையைச் சொல்லும் இடம் அது. பக்திப் பாடல் என்பதாலேயே பத்தியைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு நீண்ட விளக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கம் அழகாக இருக்கலாம். பாட்டில் அது இல்லை.

சொல் மட்டும் அல்ல, விகுதியும் ஏமாற்றும். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே

‘உயர்ந்தன்று’ என்பதை ‘உயர்ந்தது அன்று’ என்றும், ‘அளவின்று’ என்பதை ‘அளவு இல்லை’ என்றும் படிக்கிறார்கள். இரண்டும் எதிர்மறை அல்ல. உயர்ந்தன்று என்றால் உயர்ந்தது. ஆரளவின்று என்றால் அளப்பதற்கு அரிய ஆழம் உடையது. இறந்தகால வினையோடு ஒட்டி வரும் ‘அன்று’ பெரும்பாலும் உடன்பாடு. ‘புதுவது அன்றே’ என்பது போலப் பெயருக்குப் பின் தனியே நிற்கும் ‘அன்று’ எதிர்மறை. இதை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சங்கப்பாட்டில் பக்கத்துக்குப் பக்கம் தேவைப்படும்.

அகராதியில் பல பொருள் இருந்தால் அழகான பொருளை எடுக்காதீர்கள். மூன்றாம் படியில் நேராக்கிய வாக்கியத்தில் எது இலக்கணத்தோடு உட்காருகிறதோ அதை எடுங்கள்.

5. சின்னச் சொற்களை எண்ணுங்கள்

ஏ, ஓ, உம், இன் ஆகியவற்றைத் தனியே அடிக்கோடிடுங்கள். நல்ல பாட்டில் இவை சும்மா கிடப்பதில்லை.

69ஆம் குறளில் ‘பொழுதின்’ என்பதைப் ‘பொழுதில்’ என்று படித்தால் பாட்டே சாய்ந்துவிடும். இந்த ‘இன்’ ஒப்பிட்டுக் காட்டும் உருபு: பெற்ற பொழுதைவிட. தாய் இரண்டு முறை மகிழ்கிறாள், இரண்டாவது பெரிது என்பது அந்த ஓர் உருபில்தான் இருக்கிறது.

திருப்பாவையின் முதல் பாட்டில் ‘நாராயணனே நமக்கே பறைதருவான்’ என்பதில் ஏகாரம் இரண்டு. தருகிறவன் அவன்தான், பெறுகிறவர்கள் நாம்தான். ஒரு ஏகாரத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், உறுதியில் பாதி போய்விடும்.

அதே நூலில் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வரும் ‘ஏலோர் எம்பாவாய்’ என்பதில் ‘ஏல்’, ‘ஓர்’ இரண்டையும் தனிப்பொருள் இல்லாத அசைச்சொற்களாகக் கொள்வதே பெருவழக்கு. அங்கே பொருளைத் தோண்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

6. யார், யாரிடம், எப்போது சொல்கிறார்?

பாட்டில் ‘நான்’ என்று வந்தால் அது புலவர் என்று எண்ணுவது இன்றைய பழக்கம். அகப்பாட்டில் புலவர் பேசுவதில்லை. தலைவனோ தலைவியோ தோழியோ செவிலியோ பேசுகிறார்கள். பேசுகிறவர் மாறினால் அதே சொற்களுக்குப் பொருள் மாறும்.

குறுந்தொகை 40ஐத் திருமண அழைப்பிதழ்களில் அச்சிடுகிறார்கள். இரு குடும்பங்கள் சேர்வதைப் பற்றிய வாழ்த்துப் போலத் தோன்றுகிறது. பாட்டின் அடியில் உள்ள குறிப்பு வேறொன்று சொல்கிறது: இருவரும் முதன்முதலாகக் கூடிய பிறகு, இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள்; அவள் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொல்வது இது. இப்போது திரும்பப் படியுங்கள். ‘என் தாயும் உன் தாயும் யார் யாரோ’ என்பது தத்துவம் இல்லை. எதிரே ஒரு பெண் பயந்து நிற்கிறாள். அவளைத் தேற்ற அவனுக்கு வேறு சான்று எதுவும் இல்லை. உறவைக் காட்ட முடியாது, ஊரைக் காட்ட முடியாது, குலத்தைக் காட்ட முடியாது. மூன்று அடிகளில் இல்லாதவற்றை எல்லாம் ஒத்துக்கொண்டுவிட்டு, நான்காவது அடியில் மழையைக் காட்டுகிறான்.

இந்தக் குறிப்புகள் புலவர் எழுதியவை அல்ல, பின்னால் சேர்க்கப்பட்டவை என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஆகவே குறிப்பைப் படிக்குமுன் பாட்டிலேயே சான்று தேடுங்கள். ‘யானும் நீயும்’ இருக்கிறது. எதிரே ஒருவர் இருக்கிறார். ‘அறிதும்’ என்பது இருவரையும் உட்படுத்தும் தன்மைப் பன்மை. இப்படிப் பாட்டிலிருந்து கிடைப்பதை முதலில் எழுதி, குறிப்பிலிருந்து கிடைப்பதைத் தனியே எழுதுங்கள்.

பக்திப் பாடலிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். திருப்பாவையின் பத்தாம் பாட்டில் பேசுகிறவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கும் பெண்கள். கேட்கிறவள் உள்ளே தூங்குகிறாள். ‘கும்பகரணனும் தோற்றும் உனக்கே பெருந்துயில்தான் தந்தானோ’ என்பது தோழியை எழுப்பும் கேலி. தோற்றவன் தன் தூக்கத்தை வென்றவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான் என்கிறார்கள். இந்தச் சிரிப்பைத் தவறவிட்டு நேரே தத்துவத்துக்குப் போகிறவர், ஆண்டாள் கட்டிய வாசலைத் திறக்காமலே உள்ளே போகப் பார்க்கிறார்.

7. காட்சியைக் காட்சியாகப் பாருங்கள்

உவமையோ இயற்கைக் காட்சியோ வந்தால், அது எதைக் குறிக்கிறது என்று கேட்குமுன், அது என்ன என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

செம்மண் நிலத்தில் மழை பெய்வதைப் பார்த்தவருக்குத் தெரியும். வானிலிருந்து விழும்போது நீருக்கு நிறம் இல்லை. விழுந்த நொடியில் சிவப்பாகிவிடுகிறது. அதன் பிறகு அந்த நீரிலிருந்து அந்த நிறத்தைக் கையால் பிரிக்க முடியாது. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சியவளுக்குப் பதில் அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. நிலம் எங்கிருந்தது, மழை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. முதல் மூன்று அடியின் ‘யார்? எம்முறை? எவ்வழி?’ என்ற கேள்விகளும் அதில் கரைகின்றன. இதற்கு மேல் நான் விளக்கினால் பாட்டைக் கெடுத்தவனாவேன்.

கபிலரின் குறுந்தொகை 25 இன்னொரு நல்ல பயிற்சி. தலைவன் தன்னோடு கூடிய நாளில் சாட்சியாக வேறு யாரும் இல்லை, ஒரு குருகு, அதாவது கொக்கு, மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகு என்ன செய்துகொண்டிருந்தது? ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகு.’ ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது, இருந்த ஒரே சாட்சியும் இவர்களைப் பார்க்கவில்லை. அவள் அதைத் தன் வாயால் சொல்லவில்லை. கொக்கின் கண் எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் சொல்கிறாள். ‘குருகு ஆன்மா, மீன் ஆசை’ என்று குறியீட்டுக்குத் தாவியிருந்தால் இந்த வேதனை நமக்குக் கிடைத்திருக்குமா?

திருநாவுக்கரசர் பாட்டையும் இப்படிப் பாருங்கள். குற்றமில்லாத வீணை, மாலை நிலா, வீசும் தென்றல், பெருகும் இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை. காதுக்கும் கண்ணுக்கும் உடலுக்கும் இதமான பொருள்களாக அடுக்கிவிட்டு, கடைசியில் ‘இணையடி நீழலே’ என்று எழுவாயைச் சொல்கிறார். எல்லாம் குளிர்ச்சி. சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டபோது பாடியது என்று பெரியபுராணம் சொல்லும் பாட்டு இது. முதலில் குளிர்ச்சியைத் தோலில் உணருங்கள். பிறகு அந்தச் சூழலைச் சேர்த்துப் பாருங்கள். வரிசை மாறினால் வியப்பு மட்டும் மிஞ்சும், பாட்டு மிஞ்சாது.

8. ஓர் அடியோடு நின்றுவிடாதீர்கள்

‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற ஓரடி உலகமெங்கும் போயிருக்கிறது. ஆனால் புறநானூற்றின் 192ஆம் பாட்டு பதின்மூன்று அடிகள் கொண்டது. முழுவதையும் படித்தால் நடுவில் ஒரு பேராறு வருகிறது. கல்லில் மோதி ஒலிக்கும் அந்த ஆற்றில், நீர் போகும் வழியே மிதந்து போகும் தெப்பம் போல, உயிர் முறையின் வழியே போகும் என்கிறார் கணியன் பூங்குன்றனார்.

அதற்குப் பிறகு ‘ஆகலின்’ என்று ஒரு சொல் வருகிறது. பாட்டின் அச்சாணி அதுதான். இதைத் தெளிந்தோம், ஆகையால் பெரியோரை வியப்பதும் இல்லை. சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. முதல் அடியின் பரந்த உறவு எங்கிருந்து வருகிறது என்பது இந்த ஆற்றைக் கடந்தால்தான் தெரியும். நீண்ட பாட்டில் ஆகலின், எனின், ஆயினும், அதனால் போன்ற சொற்களைச் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள்.

பதிகமாகவோ நூலாகவோ தொடர்ந்து வரும் பாடல்களில் ஒரு சொல் கடைசிவரை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். திருப்பாவையின் முதல் பாட்டில் ‘பறை’ கேட்கிறார்கள். இருபத்தொன்பதாம் பாட்டில் ‘இற்றைப் பறைகொள்வான் அன்றுகாண் கோவிந்தா’ என்கிறார்கள்: இந்தப் பறையை வாங்கிப்போக வந்தவர்கள் அல்ல நாங்கள், ஏழேழ் பிறவிக்கும் உனக்கே ஆட்செய்ய வந்தவர்கள். முதல் பாட்டை மட்டும் படித்து ‘பறை என்றால் இது’ என்று முடித்தவர், அந்த மலர்ச்சியை இழந்துவிடுகிறார்.

9. இப்போது உரையைத் திறங்கள்

இதுவரை உரையை மூடி வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நல்ல உரை மிகவும் வலிமையானது. முதலிலேயே படித்தால், பிறகு மூலத்தைப் பார்த்தாலும் உரைகாரரின் கண்ணால்தான் பார்ப்பீர்கள். நீங்கள் திணறிய இடம் எது என்று தெரிந்த பிறகு படித்தால், அவர் அந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறார் என்று கற்றுக்கொள்வீர்கள்.

இரண்டு உரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குறளுக்கு மணக்குடவரும் பரிமேலழகரும் நல்ல இணை. எங்கே ஒத்துப்போகிறார்கள் என்பதைவிட எங்கே பிரிகிறார்கள் என்பதே உங்களுக்குப் பாடம். பிரியும் இடத்தில் மூலச்சொல் ஒன்று இரண்டு பக்கமும் இழுபடும். அது எந்தச் சொல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உரைகாரர் சொல்வதில் இலக்கணம் எது, அவர் காலத்தின் எண்ணம் எது என்று பிரிக்கப் பழகுங்கள். ‘எனக்கேட்ட தாய்’ என்ற இடத்தில், பெண்ணியல்பால் தானாக அறியாமையின் ‘கேட்ட தாய்’ என்றார் என எழுதுகிறார் பரிமேலழகர். 61ஆம் குறளில் ‘அறிவறிந்த’ என்று அடை வந்ததால் ‘மக்கள்’ என்ற சொல் பெண்ணை ஒழித்து நின்றது என்கிறார். வள்ளுவர் சொன்னது ‘கேட்ட’ என்பதும் ‘மக்கள்’ என்பதும் மட்டுமே. காரணம் உரைகாரருடையது. என் வாசிப்பில், தாய் கேட்டு அறிவதுதான் குறளின் சிறப்பு. தன் மகன் நல்லவன் என்று எந்தத் தாயும் எண்ணுவாள். அதை ஊரார் வாயிலாகக் கேட்பதே இரண்டாவது பிறப்புப் போன்ற மகிழ்ச்சி.

இதற்காகப் பரிமேலழகரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சொல்லின் முடிபு, வேற்றுமை, தொடரின் கட்டு ஆகியவற்றில் அவரைப் போல நுணுக்கமாக வழிகாட்டுகிறவர்கள் மிகச் சிலரே. ஒரே பக்கத்தில் ஒன்றைக் கற்றுக்கொண்டு இன்னொன்றை மறுக்கலாம். மறுக்கும்போது மூலத்தின் எந்தச் சொல் உங்களுக்குத் துணை நிற்கிறது என்பதை எழுதுங்கள். சொல் துணை இல்லாவிட்டால் அது மறுப்பு ஆகாது, விருப்பம்.

திவ்வியப் பிரபந்தம் போன்ற நூல்களுக்கு உள்ள வியாக்கியானங்கள், அதாவது வைணவ மரபின் விளக்கவுரைகள், இன்னொரு வகை. பெரியவாச்சான் பிள்ளை திருப்பாவைக்கு எழுதிய மூவாயிரப்படி சொற்பொருளோடு நிற்பதில்லை. வழிபடுகிறவர்களின் மரபு அந்தச் சொல்லில் கேட்ட நயங்களையும் எடுத்துச் சொல்கிறது. அதைச் சொற்பொருள் என்று குழப்பிக்கொள்ளவும் வேண்டாம், சொற்பொருள் அல்ல என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். நோட்டில் அதற்கு ஒரு தனிப் பத்தி கொடுங்கள். நம்பிக்கையோடு படிக்கிறவருக்கும் இலக்கியமாக மட்டும் படிக்கிறவருக்கும் இந்தப் பிரிவு பயன்படும். ஒரே மேசையில் இருவரும் சண்டையில்லாமல் உட்கார முடிகிறது.

10. மூன்று தனிப் பத்திகளாக எழுதுங்கள்

முதல் பத்தி பொழிப்பு. பாட்டில் உள்ளது மட்டும், இன்றைய உரைநடையில். ‘ஆழமான’, ‘அற்புதமான’ போன்ற சொல் ஒன்றுகூட வரக்கூடாது. இரண்டாவது பத்தி கருத்து. பாட்டு எதை உணர்த்துகிறது என்று நீங்கள் கருதுவது. ஒவ்வொரு கூற்றுக்கும் பாட்டின் எந்தச் சொல் சான்று என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். மூன்றாவது பத்தி ஐயம். உடைக்க முடியாத சொல், இரண்டு பொருள் தரும் இடம், உரைகாரர்கள் பிரிந்த இடம். இந்த மூன்றாவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை அந்தப் பாட்டை எடுக்கும்போது நீங்கள் தொடங்கப்போவது அங்கிருந்துதான்.

குறுந்தொகை 40க்கு என் நோட்டில் உள்ள பொழிப்பு இது: “என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர்? நானும் நீயும் எவ்வழியில் ஒருவரை ஒருவர் அறிந்தோம்? செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல அன்புடைய நெஞ்சங்கள் தாமே கலந்துவிட்டன.”

எழுதிய பொழிப்பை மூலத்தோடு ஒப்பிட்டு, பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொழிப்பில் இடம் இருக்கிறதா என்று விரலை வைத்துச் சரிபாருங்கள். நான் மேலே எழுதியதில் ‘கலந்தனவே’ என்பதன் ஏகாரத்துக்கு இடம் இல்லை. ‘கலந்துவிட்டன’ என்பதில் உள்ள ‘விட்டன’ அதன் உறுதியைச் சுமக்கும் என்று நினைத்து எழுதினேன். அது போதுமா என்பது என் மூன்றாவது பத்தியில் இன்னும் அப்படியே இருக்கிறது.